பேச்சுரிமைக் கயிறு

இருபத்து நான்கு மணி நேரம். அவ்வளவு நேரம்தான் சிவனாண்டி சாமியின் வீடியோ பக்கத்தை அமெரிக்கக் கம்பெனி முடக்கி வைத்தது. ‘சர்க்கரைக்கு மாத்திரை வேண்டாம், என் கயிறு போதும்’ என்ற வீடியோவையும் தூக்கிவிட்டது.

மறுநாள் பழங்காநத்தம் மண்டபத்தில் நிற்க இடமில்லை. தமிழன் வாயைக் கட்டுகிறார்கள் என்று சாமி மைக்கில் அழுதார். வாய் கட்டப்பட்டவருக்கு நான்கு ஒலிபெருக்கிகள். காலில் கட்டும் சிவப்புக் கயிற்றோடு, செல்போனில் கட்டும் பச்சைக் கயிறும் விற்பனைக்கு வந்திருந்தது. கட்டிவிட்டால் எந்தக் கம்பெனியும் நம் பேச்சை மறைக்க முடியாதாம்.

விளாங்குடி அன்னக்கொடியும் ஒன்று வாங்கிப் போனில் கட்டினார். அவர் கணவர் வீரணன் சிவப்புக் கயிற்றை நம்பி மாத்திரையை விட்டவர். சாமி வாயால் சொன்னால்தான் மறுபடி விழுங்குவாராம். சாமியின் வீடியோ பக்கத்தில் எத்தனையோ முறை எழுதியும் பதில் இல்லை. இப்போது என்ன அவசரம் என்று பக்கத்து நாற்காலி திவ்யா கேட்டாள். அதைச் சாமியிடமே சொல்லிக்கொள்வதாகச் சொல்லி, ‘மாத்திரையைத் திரும்பப் போடச் சொல்லுங்க சாமி’ என்று எழுதியதை மட்டும் தொட்டுக் காட்டினார்.

திவ்யா அம்மாவுக்குத் துணையாக வந்தவள். தன் தையல் கடைக்கு இதே கம்பெனியில் ஒரு பக்கம் நடத்துகிறாள். தன் போனில் சாமியின் பக்கத்தைத் திறந்து அதைத் தேடினாள்.

“அக்கா, நீங்க எழுதுனது ஒங்களுக்கு மட்டுந்தான் தெரியுது.”

வரிசையில் இருந்தவர்களை எல்லாம், ‘மாத்திரையை நிறுத்தலாமா?’ என்று சாமியின் பக்கத்தில் எழுதச் சொன்னாள். அவரவர் எழுதியது அவரவர் போனில் மட்டும். ‘சாமி வாழ்க’ என்று எழுதச் சொன்னாள். எல்லார் போனிலும் வாழ்ந்தார்.

“அதுவும் அந்தக் கம்பெனிக்காரன் வேலதான் தாயி,” என்றார் சாமி, மேடையிலிருந்து மைக்கில்.

அதே கம்பெனியில் ஒரு பிரியாணிக் கடைக்கும் பக்கம் உண்டு. அந்தப் பக்கத்தில் அதே கேள்வியை எழுதச் சொன்னாள். எல்லார் போனிலும் தெரிந்தது. கடைக்காரர் பதிலும் போட்டார்: ‘டாக்டரைக் கேளுங்க. எங்ககிட்ட பிரியாணிதான் இருக்கு.’

“கம்பெனி மறைக்கல. மாத்திரைன்னு யாரு எழுதுனாலும் மறைக்கச் சொல்லி இவருதான் செட் பண்ணி வச்சிருக்காரு,” என்றாள் திவ்யா.

பேச்சுரிமைக்காக அழுதவர் மைக்கை அணைக்கச் சொன்னார்.

அன்னக்கொடி எழுந்தார். அவருக்கு மைக் தேவைப்படவில்லை.

“கயிறு கட்டிருக்கவக எல்லாரும் குனிஞ்சு ஒங்க காலப் பாத்து யோசிங்க. நான் அம்புட்டுத் தடவ எழுதியும் பதில் வரல. எங்க வீட்டுக்காரருக்கு, கயிறு கட்டுன கால முழங்காலோட எடுத்துட்டாங்க.”