அப்பாவுக்கு ஒரு திட்டு வேண்டி

எனக்குச் சித்தப்பாவும், அப்பாவுக்கு மேலாளருமான தங்கள் சமூகத்துக்கு, தங்கள் அண்ணன் மகள் வாலு, கையைக் கட்டிக்கொண்டு, வாயை மட்டும் கட்டாமல் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், அம்மா நலம், அப்பா 'பரவால்ல'. இந்தப் 'பரவால்ல' நீங்கள் கொடுத்தது. தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். உங்கள் லேபிள் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வைத்த வெட்டு இயந்திரம் வரப்போகிறது. அதை ஓட்டப் பழக ஒரே ஓர் ஆளைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பப்போகிறீர்கள். போய் வருகிறவர் சூப்பர்வைசர், மற்றவர்கள் பழைய இயந்திரத்தோடு சேர்ந்து பழைய இரும்பு. அப்பாவுக்குப் போக ஆசை. வாய் திறந்து சொல்லமாட்டார். ஆனால் என் கம்ப்யூட்டர் பாடப்புத்தகத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, போன வாரம்வரை குழம்பு சிந்தச் சிந்தப் படித்துக்கொண்டிருந்தார். இந்த ஆசைக்குக் குறுக்கே நிற்பது எதிரி இல்லை சித்தப்பா, நீங்கள் அவர்மேல் வைத்திருக்கிற மரியாதை.

சிரிக்காதீர்கள். இருமல் மருந்து லேபிளை அப்பா கோணலாக வெட்டியதில், "நன்றாகக் குலுக்கிய பிறகு குடிக்கவும்" என்பதன் தலை போய், "பிறகு குடிக்கவும்" மட்டும் மிஞ்சியதே, ஞாபகம் இருக்கிறதா? நோயாளி எப்போதுதான் குடிப்பான்? கட்டுக் கட்டாக வீண். நீங்கள் வந்தீர்கள், கழுத்தைச் சொறிந்தீர்கள், "பரவால்லண்ணே, பாத்துக்கலாம்" என்று போய்விட்டீர்கள். அதே கோணலை, அப்பாவோடு வேலை செய்யும் சோடாபுட்டிக் கண்ணாடி அண்ணன் வெட்டியபோது மட்டும், "கண்ணு என்ன முதுகுலயா இருக்கு? கோடு எங்க இருக்கு, பிளேடு எங்க நிக்குது? இந்தத் திருகை இறுக்காம எவன்டா வெட்டுவான்? இப்படிப் புடி, இங்க பாரு" என்று சாப்பாட்டு மணி அடிக்கும்வரை காய்ச்சி எடுத்தீர்களாம். பாதி வசவு, பாதி பாடம். பாடத்தையாவது ஒட்டுக்கேட்கலாம் என்று அப்பா பக்கத்து இயந்திரத்தைத் துடைப்பதுபோல் நின்றிருக்கிறார். நீங்கள் பார்த்துவிட்டு, "நீங்க போய் டீ சாப்பிடுங்கண்ணே" என்று அனுப்பிவிட்டீர்கள். அவரும் போய் டீ சாப்பிட்டார். இன்றைக்குச் சோடாபுட்டி நூல் பிடித்தாற்போல் வெட்டுகிறார். அப்பா பரவாயில்லாமல் வெட்டுகிறார். உங்களிடம் திட்டு வாங்குகிறவர்களுக்குத்தான் வளர்ச்சித் திட்டம். அப்பாவுக்குத் திட்டும் இல்லை, திட்டமும் இல்லை.

சரி, நாமே களத்தில் இறங்குவோம் என்று, போன வாரம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு வந்தபோது, உங்கள் யோசனைப் பெட்டியில் ஒரு சீட்டுப் போட்டேன்: "வெட்டுப் பிரிவில் இருக்கும் பெரியவருக்கு உடனே ஒரு திட்டு வேண்டும்." உங்கள் அலுவலக அக்கா நல்லவர். பாவம், எழுத்துப்பிழை என்று நினைத்து 'திட்டம்' என்று திருத்தி மேலே அனுப்ப, மறுநாளே அப்பா கையில் ஓய்வூதியத் திட்டக் கையேடு வந்து விழுந்தது. அட்டையில் இரண்டு பேர் பொக்கைவாயோடு சிரிக்கிறார்கள். வளரக் கேட்டால் ஓயச் சொல்கிறீர்கள்! அன்றிலிருந்து அப்பா கம்ப்யூட்டர் புத்தகத்தைத் தொடவில்லை.

"நீங்களே போய்க் கேளுங்களேம்பா" என்றேன்.

"தம்பிகிட்டப் போயி, என்னையத் திட்டுடான்னா கேக்க முடியும்?"

"தம்பிகிட்ட வேணாம். மேனேஜர்கிட்டக் கேளுங்க."

"ரெண்டு பேரும் ஒரே நாற்காலியிலதானே உக்காந்திருக்காங்க" என்றார். பிறகு, "அவனுக்குச் சைக்கிள் விடக் கத்துக் குடுத்தப்ப, தெருவே எட்டிப் பாக்கற மாதிரி திட்டுவேன். அழுதுக்கிட்டே ஓட்டுவான். ஆனா விழமாட்டான்" என்று விளக்கை அணைத்துவிட்டார்.

ஆகவே சித்தப்பா, அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, என்னவாக வேண்டும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தப்பைத் தப்பு என்று சொல்லுங்கள். சரி எது என்று கையைப் பிடித்துக் காட்டுங்கள். 'அண்ணே' போடுவதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே. திட்ட நாக்கு கூசினால், பழகிக்கொள்ள மாதிரி ஒன்று தருகிறேன்: "என்ன இது, வெட்டுனதா கடிச்சதா?" அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். நான் தினமும் சொல்லிப் பார்க்கிறேன்.

சித்திக்கு என் வணக்கம், குட்டித் தம்பிக்கு ஒரு கிள்ளு. சின்னவள் பெரியவரை வாழ்த்தக்கூடாதாம். இருந்தாலும் தங்கள் நாக்கு நாளொரு நீளமும் பொழுதொரு கூர்மையுமாக வளர வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அண்ணன் பெற்ற தலைவலி,
வாலு

பி.கு.: மேலே உள்ள எதையும் செய்ய வேண்டாம். உறையை ஒட்டும்போது அப்பா வந்துவிட்டார். பயிற்சிக்குச் சோடாபுட்டி போகிறாராம். அப்பா உங்கள் அறைக்கு வந்து, "நான் வேலையிலேர்ந்து நின்னுக்கறேன்" என்றாராம். நீங்கள் நாற்காலியைவிட்டு எழுந்து, "உங்க இஷ்டம்ண்ணே" என்றீர்களாம். "எந்திரிச்சு நின்னான்மா, எவ்வளவு மரியாதை பாரு" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். செருப்பை இன்னும் கழற்றவில்லை. சித்தப்பா, "எங்க கிளம்பிட்ட? பேசாம உக்காரு!" என்று ஒரே ஓர் அதட்டல் போட்டிருந்தால், உட்கார்ந்திருப்பாரே.