பரணில் ஐந்து, ஸ்டாண்டில் ஒன்று

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் தங்கையும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். அக்காவின் நலத்துக்கு எந்தக் குறையும் இல்லை. என் நலம் இன்று மாலை நான்கு மணி வரைக்கும்தான் உறுதி. அதற்குள் உங்கள் வேன் எனக்கு வேண்டும்.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். நீங்கள் போனை எடுத்தால் ஸ்பீக்கரில் போட்டு, பட்டறையில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசுவீர்கள். போதாததற்கு உங்கள் அக்கா பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள், இந்த வீட்டுச் சுவர் நான் இங்கே தும்மினால் அங்கிருந்து மாத்திரை வருகிற அளவுக்கு மெல்லிசு. அதனால் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். கீழ்வீட்டுத் தையல்காரர் சாப்பிட்டுவிட்டு உங்கள் தெருப் பக்கம் வருகிறாராம், அவர் கையில் கொடுத்தனுப்புவேன். இப்போது மணி ஒன்று இருபது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஹாலில் ஸ்டாண்டில் நிற்கிற பேஸ் கிட்டாரைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் மஞ்சளாக ஆரம்பித்து ஓரத்தில் கறுப்பாக முடிகிற நிறம், தடித்த தந்தி நாலு. நீங்கள் பார்த்தது ஒரு கிட்டார் இல்லை மச்சான். ஒவ்வொரு தடவை வந்தபோதும் நீங்கள் வெவ்வேறு கிட்டாரைப் பார்த்திருக்கிறீர்கள். என்னிடம் ஐந்து இருக்கின்றன. ஐந்தும் ஒரே நிறம், ஒரே வடிவம். ஒன்று ஸ்டாண்டில் நின்றால் மற்றதெல்லாம் இதோ, என் தலைக்கு மேலே இருக்கிற பரணில், பழைய மெத்தைக்குப் பின்னால் படுத்திருக்கும்.

இவை அசலும் அல்ல. பெயர்பெற்ற ஒரு பேஸைப் பார்த்து, ஐம்பது வருஷத்துக்கு முன்னால் வேறொரு தொழிற்சாலை அப்படியே செய்த நகல்கள். நான் தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாரக் கடைசியில் ஓட்டலில் வாசித்தது இந்த நகலைத்தான். அசலைக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. ஓய்வு பெற்றதும் அதே நகல் ஒன்று வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன், தேடினால் என்னைப்போலக் கிறுக்குப் பிடித்தவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள், அதனால் நகலுக்கே இப்போது நகல் வந்துவிட்டது. உண்மையான பழைய நகல்தானா என்று தெரிய வேண்டுமானால் கழுத்தைப் பிடித்திருக்கிற நாலு திருகாணிகளையும் கழற்றி, உள்ளே மரத்தில் குத்தியிருக்கிற தேதியைப் பார்க்க வேண்டும். முன்பின் தெரியாதவர் வீட்டுக்குள் ஸ்க்ரூ டிரைவரோடு போய், அவர் கண்ணெதிரிலேயே அவருடைய கிட்டாரின் கழுத்தைக் கழற்றுகிறவனுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள். முடிதிருத்துகிற ஒருவரிடம் வாங்கப் போனபோது, நான் தேதியைப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டி முடிக்கும்வரை அவர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைக்கவில்லை.

முதலாவதை வாங்கிய அன்றே உங்கள் அக்கா கேட்டாள், "இது ஒண்ணோட போதும்ல?" நானும் "போதும்" என்றேன். முப்பத்தொரு வருஷத்தில் அவளிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான், ஒளித்துத் தின்ற இனிப்பைச் சேர்க்காமல். என்ன செய்வது, ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் இருக்கிறது, ஒன்று உறுமும், ஒன்று முனகும், ஒன்று சொன்னதையே யோசித்து யோசித்துச் சொல்லும், அதைக் காதால் கேட்டவன் விட்டுவிட்டு வர முடியாது. வியாழக்கிழமை காலையில் அவள் பழைய நர்ஸ் தோழிகளோடு நடக்கப் போவாள். அந்த ஒரு மணி நேரத்தில் ஏணி போட்டு ஒன்றை இறக்கி, இன்னொன்றை ஏற்றி, ஏணியைத் துடைத்து வைத்து, மூச்சு வாங்குவது அடங்குகிறவரை பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். இந்த வயதில் கள்ளக்காதல் செய்கிறவன்கூட இவ்வளவு பாடுபட மாட்டான்.

இனிமேல்தான் வினை. பல் டாக்டர் ஒருவரிடம் ஆறாவது ஒன்று இருந்தது. விற்பதாக அவர் இன்னும் முடிவு செய்யவில்லை, மூன்று நாள் வாசித்துப் பாருங்கள் என்று கொடுத்தார். கொடுக்கும்போதே முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொண்டார். "இதுல ஒரு கீறல் விழுந்தாலும் எனக்கு இங்க வலிக்கும்" என்று தன் தாடையைத் தொட்டுக் காட்டினார். அதைக் கொண்டுவந்து ஸ்டாண்டில் வைத்து, என்னுடைய ஐந்தையும் பரணில் ஏற்றினேன். நேற்று காலையில் கண் பரிசோதனைக்குப் போய், கூட்டத்தில் காத்திருந்து சாயங்காலம்தான் வந்தேன். ஸ்டாண்டின் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. உங்கள் அக்கா பக்கத்தில் நின்று சிரித்தாள், அப்படி அவள் சிரித்து வெகுநாளாயிற்று. துண்டை எடுத்தாள். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்குமே உலோகக் கம்பி, ஃப்ரெட் என்பார்கள், அது ஒன்றுகூட இல்லை. இருபதையும் பிடுங்கி, பள்ளத்தில் மரத்துண்டை அடைத்து, வழுவழுவென்று இழைத்திருந்தது.

எப்போதோ டிவியில் ஒருவர் ஃப்ரெட் இல்லாத பேஸ் வாசித்ததைப் பார்த்து நான் பெருமூச்சு விட்டேனாம், அதை மனதில் வைத்துக்கொண்டு, டாக்ஸி பிடித்து, மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு கிட்டார் மெக்கானிக்கிடம் போயிருக்கிறாள். "நல்லா இருக்கா?" என்று கேட்டாள். "ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். "பாருங்க, உங்களுக்குக் கண்ணே கலங்கிடுச்சு" என்றாள். கலங்காமல் என்ன செய்யும்.

அந்தப் பல் டாக்டர் இன்று நான்கு மணிக்கு வருகிறார். அவர் என்னை என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வேன், எனக்கு அது புதிதல்ல. ஆனால் அவர் வாசலில் நின்று, "என் கிட்டாரை என்னய்யா பண்ணினே?" என்று கேட்ட நிமிஷம், அவள் எனக்காக ஆசையாகச் செய்தது அடுத்தவர் பொருளை நாசம் பண்ணினதாக மாறிவிடும். நேற்றுச் சிரித்த அந்த முகம் விழுந்துபோவதை நான் நின்று பார்க்க முடியாது. எனக்கு அந்தப் பயம்தான் மச்சான், வேறு பயம் இல்லை.

இதை எழுதும்போதே அவள் கதவைத் தட்டினாள். "உள்ள என்ன பண்றீங்க?" "உன் தம்பிக்குக் கடிதம் எழுதுறேன்." "ரெண்டு தெரு தள்ளி இருக்கிறவனுக்கா?" "பிறந்தநாள் வாழ்த்து." "அது போன மாசமே போச்சே." "அதனாலதான் கொஞ்சம் நீளமா எழுதுறேன்." அப்புறம் செருப்புச் சத்தம் போய்விட்டது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. மூன்று மணிக்குள் வேனோடு வாருங்கள். தங்கைக்குக் கால் வீங்கியிருக்கிறது, அக்கா வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு போய் விடுங்கள், வீக்கம் என்றால் அவள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வருவாள். போகிற வழியில் வேறு பேச்சு வேண்டாம், உங்களுக்குப் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். டாக்டருக்கு என்னுடையதில் எது பிடிக்கிறதோ அதைக் கொடுத்து அவர் காலைப் பிடித்தாவது சமாதானப்படுத்துகிறேன். மிச்சம் நாலையும் அவள் வருவதற்குள் பரணில் ஏற்ற நேரமிருக்காது, நீங்கள் திரும்பி வந்து ஏற்றிக்கொண்டு போய்ப் பட்டறையில் வையுங்கள். யாராவது கேட்டால் உங்களுடையது என்று சொல்லுங்கள். உங்களுக்குச் சுருதியும் தெரியாது தாளமும் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரியும்தான், அழகுக்கு வாங்கினேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

தங்கைக்கு என் அன்பு. இன்று ஒருநாள் மட்டும் கொஞ்சம் நொண்டி நடக்கச் சொல்லவும். குழந்தைகளுக்கு என் ஆசிகள், அவர்கள் நன்றாகப் படித்து, எதை வாங்கினாலும் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளட்டும். படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடவும்.

நடுக்கத்துடன்,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: வேன் வேண்டாம். தங்கையின் கால் நன்றாகவே இருக்கட்டும். தையல்காரர் கை கழுவுவதற்குள், இரண்டு மணிக்கே பல் டாக்டர் வந்து நின்றுவிட்டார். கதவைத் திறந்தது உங்கள் அக்கா. ஸ்டாண்டைப் பார்த்து அவர் போட்ட சத்தத்தில் நான் ஓடினேன். அவள் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள், ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு நேராகப் படுக்கையறைக்குப் போய் ஏணியைப் போட்டு, மெத்தையைத் தள்ளி, ஐந்தையும் ஒவ்வொன்றாக என் கையில் இறக்கினாள். எங்கே இருக்கிறது என்றுகூட என்னைக் கேட்கவில்லை. இரண்டாவது வந்த நாளிலிருந்தே அவளுக்குத் தெரியுமாம், எது யார் வீட்டிலிருந்து வந்தது என்பது உட்பட. ஸ்டாண்டில் இருந்தது அடுத்தவருடையது என்பதுதான் தெரியாதாம், ஆறாவதையும் நான் வாங்கிவிட்டதாக நினைத்திருக்கிறாள்.

"உங்களோடதுக்கு ஆபரேஷன் ஆயிடுச்சு டாக்டர், தப்பு எங்களோடதுதான். பதிலுக்கு இதுல ஒண்ணு எடுத்துக்குங்க" என்றாள். தன்னுடையதற்கு எதுவும் ஈடாகாது, அதன் சத்தமே தனி என்று அவர் குதித்தார். "அப்ப கண்ணை மூடுங்க" என்றாள். ஊசி போடப் போகிற நர்ஸின் குரல் அது, அவரும் மூடிக்கொண்டார். ஆறிலும் கழுத்தில் ஒரே இடத்தை அழுத்தி, ஒரே தந்தியை ஒரே விரலால் தட்டிக் காட்டினாள். "இதோ, இதுதான் என்னோடது" என்று நாலாவதில் துள்ளினார். "அது முடிவெட்டுறவர் வீட்டுலேர்ந்து வந்தது. பரவாயில்லை, அதையே கொண்டு போங்க" என்றாள். அவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

அப்புறம் என் முறை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். உறுமல், முனகல் என்று நான் உங்களுக்கு எழுதியதெல்லாம் எங்கே போயிற்றோ, ஒன்றைக்கூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை, அவள் கொடுத்த அந்த ஃப்ரெட் இல்லாததைத் தவிர. அதைக் கேட்ட உடனே சொல்லிவிட்டேன்.

"அதுக்குத்தான் பிடுங்கினேன்" என்றாள் உங்கள் அக்கா. "இத்தனை வச்சிருக்கீங்களே, ஒண்ணாவது வேற மாதிரி இருக்கட்டுமேன்னு."