பார்க்கப் பார்க்க மங்கும்

புரொஃபசர் விடோல்ட் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுப்பதாக இல்லை.

“சார், விளக்க அணைங்க. வெளிச்சம் படப்பட சாயம் மங்கிடும்,” என்றாள் யாக்னா.

“ஏம்மா, ஒளிரத்தானே சாயம் செஞ்சோம்? பூட்டி வைக்கவா?”

செய்தோம் என்றால், யாக்னா செய்தாள். செல்லுக்குள் நுழைந்து, மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் தேடிப் பிடித்து, பச்சையாக ஒளிரும் சாயம். புரொஃபசர் அதற்குத் தன் பெயரை வைத்தார். அந்த உழைப்பு முழுக்க அவருடையது.

மதியம் வார்சாவிலிருந்து நிதிக்குழு ஆள் வருகிறார். நிதி கிடைத்தால் யாக்னாவுக்கு வேலை நீடிக்கும். இல்லையென்றால் அம்மா வேலை பார்க்கும் கோழி வெட்டும் ஆலைதான். “டாக்டர் பட்டம் வாங்கி என்னத்தக் கிழிச்சே?” என்று கேட்க அங்கே ஒரு கூட்டமே காத்திருக்கிறது.

செல் வளர்ந்த தட்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

“டீன் மட்டும் ஒரு தடவை எட்டிப் பார்க்கட்டும்,” என்றார் புரொஃபசர்.

டீன் பார்த்தார். டீனின் மனைவியும் பார்த்தார். “ஐயோ, கிறிஸ்துமஸ் மரம் மாதிரியே இருக்கே!” அவர் கையிலிருந்த பொங்ச்கி பன்னின் சர்க்கரைத் தூள் மேஜையெல்லாம் கொட்டியது.

யாக்னா தட்டை நகர்த்தி, ஒளி படாத ஒரு மூலையை நிதிக்குழுவுக்கென்று ஒதுக்கினாள். புரொஃபசர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் சொந்தமாகக் கண்டுபிடித்தது அது ஒன்றுதான்.

“இங்க இன்னும் பளிச்சுன்னு இருக்கு, வாங்க வாங்க!” என்று விளக்கை முழுசாக ஏற்றினார்.

அந்த மூலையும் மங்கியது.

“இன்னும் கொஞ்சம் சாயம் ஊத்தும்மா. உப்பு பத்தலைன்னா போடறதில்லையா?”

“சூப்பா சார் இது?”

“ஊத்துன்னா ஊத்து!”

ஊற்றினாள். செல்கள் உருண்டு திரண்டு செத்தன. தட்டு முழுக்க ஒரே பச்சைப் பாசி.

“கழுவணும்! விடு, உனக்குத் தெரியாது,” என்று பிடுங்கித் தானே கழுவினார். சாயம் போனது. கூடவே செல்களும் போயின.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. நிதிக்குழுவின் ஒஸ்த்ரோவ்ஸ்கா அம்மையார் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தார். கும்மிருட்டு.

“ஒண்ணும் தெரியலையே. யாரோட வேலை இது?”

புரொஃபசர் சட்டென்று பின்னால் நகர்ந்தார். “நான் தொடவே இல்ல மேடம்! யோசனை, தயாரிப்பு, செல் வளர்ப்பு, படம் எடுத்தது எல்லாமே இதோ நிக்கிறாளே, யாக்னா கூரெக், இவதான்!”

அவள் பெயரை அவர் முழுசாகச் சொல்லி யாக்னா கேட்டது அன்றுதான்.

“உங்க பங்கு?”

“துளிகூட இல்ல. சத்தியமா!”

யாக்னாவுக்குக் கோழி ஆலையின் வாடையே மூக்கில் ஏறிவிட்டது.

அம்மையார் பேனாவைத் திறந்தார். “வெளிச்சத்துல மங்கும்னு எங்களுக்குத் தெரியாதா? நீங்க அனுப்பின படத்தப் பார்த்தே நிதி குடுக்கறதா முடிவு பண்ணியாச்சு. யார் பேர்ல எழுதறதுன்னு கேக்கத்தான் வந்தேன்.”