வாயை மூடி மூன்று சுற்று

ஹவானா,
நவம்பர் 17

எல்லா விதத்திலும் எனக்கு மூத்தவளான அன்பு அக்கா ஒர்தென்சியாவுக்குத் தம்பி லியோவிகில்தோ பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், என் மூட்டுவலியும் சுகம். அங்கே சாந்தா கிளாராவில் நீயும் ஃபெர்மின் அத்தானும் உன் கோழிகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். ஆனால் வேண்டுகிற விஷயத்தில் இனி நீ என்னை நம்பக் கூடாது. அதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அழுதுகொண்டே சொன்னது அப்படியே மனதில் இருக்கிறது. "லியோ, அப்பனும் மகனும் பேசி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுடா. அவன் லீவுக்கு வந்து சாப்பிட உக்காந்தா 'உப்பை எடுத்து அவன்கிட்ட குடு'ன்னு இவர் என்கிட்ட சொல்றார். 'உப்பு வேணாம்னு அவர்கிட்ட சொல்லு'ன்னு அவன் என்கிட்ட சொல்றான். நடுவுல நான் தபால்காரி வேலை பாக்கறேன். முழங்கால் சரியா இருந்தா நானே வந்துடுவேன். எனக்காக நீ ஹவானா பிறந்தநாள் அன்னிக்குப் போய் அந்த இலவமரத்தைச் சுத்தி வேண்டிக்கோ." இங்கே ஹவானாவில் வேலை கிடைத்து வந்த உன் மகன் தாரியேல், பரம்பரை பரம்பரையாக நம் ஊர்ப் பேஸ்பால் அணியின் ஆரஞ்சு நிறத்துக்கே கைதட்டிய வீட்டுக்குள் ஹவானா அணியின் நீலத் தொப்பியோடு நுழைந்தான் என்றால் அத்தானுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனாலும் ஒரு தொப்பிக்காக இவ்வளவு நாள் மௌனமா என்று அன்றைக்கு உன்னிடம் பெரிய மனிதனாகப் பேசியவனும் நான்தான்.

நேற்றுக் காலை பிளாசா தே ஆர்மாஸுக்குப் போனேன். நகரத்தின் பிறந்தநாள் என்றால் அந்தச் சதுக்கம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். வரிசை என்று கண்ணுக்கு எதுவும் தெரியாது; பெஞ்சில் பாதிப் பேர், சிலையின் நிழலில் பாதிப் பேர். "கடைசி யாருங்க?" என்று கத்தினேன். தலை முதல் கால் வரை வெள்ளையே உடுத்திய ஓர் அம்மாள் கை தூக்கினாள். பெயர் மிக்தாலியா. "எனக்கு முன்னாடி அதோ குடைக்காரர். ஞாபகம் வெச்சுக்கங்க" என்றாள். எனக்குப் பின்னால் ஒருவர் வந்ததும் நானும் அவரிடம் கை தூக்கிவிட்டு, தலையில் என் ஆரஞ்சுத் தொப்பியைச் சரி செய்துகொண்டு, கடலைப் பொட்டலம் வாங்கித் தின்றேன். அந்தக் கடலைக்காரன்தான் எனக்குச் சனியனாக வந்தவன். தொப்பியைப் பார்த்ததுமே அவன் கண்ணில் ஒரு குறும்பு ஓடியது.

மரத்தைச் சுற்றியுள்ள வேலிக்குள் விடும்போது காவல்கார அம்மாள் ஒவ்வொருவருக்கும் சொன்னாள்: "மூணு சுத்து, ஒரு வேண்டுதல், ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினா போச்சு." நெரிசலில் நான் மிக்தாலியாவுக்கு முன்னால் தள்ளப்பட்டேன். இலவமரத்தின் அடிமரத்தில் கையை வைத்தபடி முதல் சுற்று. 'ஃபெர்மினும் தாரியேலும் பேசட்டும்.' இரண்டாம் சுற்றும் அப்படியே. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. மூன்றாவது சுற்றில் பாதி தாண்டும்போது கம்பி வேலிக்கு வெளியே இருந்து அந்தக் கடலைக்காரன், "ஏ ஆரஞ்சு! உங்க ஆளுங்க பந்து வீசறதைவிட எங்க வீட்டுப் பூனை நல்லா வீசும்!" என்றான். அக்கா, நான் பல்லைக் கடித்தேன். கடித்தேன் என்றால் கடித்தேன். ஆனால் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "உங்க ஆளுங்க அடிக்கற பந்து வேலியைத் தாண்டணும்னா டிக்கெட் எடுத்து பஸ்ஸுலதான்டா ஏத்தணும்!" என்று சதுக்கமே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன்.

அதோடு நின்றிருந்தால் என் ஒருவன் சுற்று மட்டும் வீணாகியிருக்கும். பின்னால் வந்த மிக்தாலியா பதறிப்போய், "ஐயையோ, முன்னாடி போறவர் பேசிட்டாரே, என் சுத்து செல்லுமா?" என்று கேட்டுவிட்டாள். அவளுக்குப் பின்னால் வந்தவர், "நீங்க ஏம்மா பேசறீங்க, இப்ப உங்களுதும் போச்சே!" என்றார். "அதைச் சொல்ல நீரு வாயைத் தொறந்தீரே!" என்றார் குடைக்காரர். இப்படியே சுற்றி வந்து மரத்தடியில் வாய் திறக்காதவர் ஒருவரும் இல்லை என்று ஆனதும் காவல்கார அம்மாள் கையைத் தட்டினாள். "மொத்தப் பேரும் வெளியே! போய்க் கடைசி யாருன்னு கேளுங்க!" ஒரு பெண் போனில் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுபடியும் அதே ஆட்களோடு வரிசை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மிக்தாலியா மட்டும் திட்டவில்லை. "என் பையன் கடல் தாண்டிப் போய் ஒரு சேதியும் இல்ல. அதுக்குத்தான் வந்தேன்" என்று மட்டும் சொன்னாள். அக்கா, எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. தொப்பியைக் கழற்றிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டேன்.

இரண்டாவது முறை உள்ளே போனபோது நான் மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை. ஆனால் இனிமேல் எழுதுவதற்கு என்னை மன்னித்துவிடு. மூன்று சுற்றும் அந்த அம்மாளின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். என் மனம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: 'இங்கே இருக்கிற ஒருவரும் இனி என்னை எங்கேயும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது.' வெளியே வந்து படியிறங்கிய பிறகுதான் உன் ஞாபகமே வந்தது. மறுபடி போக எனக்குத் தைரியம் இல்லை. உன் வீட்டு மௌனம் இன்னும் ஒரு வருஷம் நீடித்தால் அதற்கு அத்தானோ தாரியேலோ காரணம் இல்லை, உன் தம்பிதான் காரணம். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. கேட்டுக்கொள்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் கால் சீக்கிரம் குணமாகட்டும், கோழிகள் நன்றாக முட்டையிடட்டும், உன் வீட்டில் எல்லா நன்மையும் பெருகட்டும்.

முகம் காட்ட வெட்கப்படும் உன் தம்பி,
லியோவிகில்தோ

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது நீயே போன் செய்துவிட்டாய். அந்தப் பெண் எடுத்த படம் ஊரெல்லாம் சுற்றி, தாரியேல் கைக்கு வந்து, அவன் அதை அத்தானுக்கு அனுப்பி, "உங்க மச்சான் நம்ம மானத்தை வாங்கிட்டாரு" என்று எழுத, அத்தான் உடனே அவனைக் கூப்பிட்டு, "என் மச்சானைப் பேச நீ யாருடா? அவன் சொன்னது சரிதான்டா!" என்று கத்த, காலையிலிருந்து இரண்டு பேரும் போனை வைக்கவே இல்லையாமே! நான் ஒரு முட்டாள் என்பதில் மட்டும் அப்பனும் மகனும் ஒத்துப்போகிறார்களாம். நீ அழுதாயா சிரித்தாயா என்று எனக்குத் தெரியவில்லை. "முதல் தடவை கெடுத்தாலும் மறுபடி போய் எனக்காக ஒழுங்கா வேண்டிக்கிட்ட பாரு, அதுதான்டா பலிச்சுது" என்றாய். நான் "ஆமாம் அக்கா" என்று பொய் சொல்லிவிட்டேன். கிழித்துப் போட எடுத்த கடிதத்தை அதனால்தான் அனுப்புகிறேன்.