மஞ்சள் பையில் போன தாம்பூலம்

புது வேலையில் சேர்ந்த முதல் மாதம் சிலருக்கு ஒரு வியாதி வரும். தான் கற்றுக்கொண்டதை ஊர் முழுக்கச் சொல்லித் தீர்க்கும் வியாதி. எனக்கு அது முற்றிய நிலையில் வந்தது.

செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கழிவுப் பிரிவின் ரெஜிஸ்டர் எழுதும் வேலை. ரத்தம் தோய்ந்த பஞ்சு, ஆபரேஷனில் எடுத்த உறுப்புகள் எல்லாம் மஞ்சள் பையில் போய் எரியும். குளுக்கோஸ் குழாய், கையுறை வகையறா சிவப்புப் பையில் போய், நீராவியில் வெந்து, தூளாகி, மறுபடி பிளாஸ்டிக்காகப் பிறக்கும். ஊசிக்குத் தனியாக வெள்ளை டப்பா. ஒவ்வொரு பைக்கும் பார்கோடு ஒட்டி, எடை போட்டுத்தான் வண்டி ஏற்ற வேண்டும். (தக்காளிப் பையில்கூட நான் பார்கோடு தேடிய காலம் அது.)

தாராவியில் அப்பாவுக்குப் பிளாஸ்டிக் தரம் பிரிக்கிற வேலை. டப்பாவைத் தட்டிப் பார்த்தே ரகம் சொல்லிவிடுவார். அந்த வீட்டில் பிறந்தவள் நான். ஆஸ்பத்திரி ஸ்டோரில், மெலிதாக இருக்கிறது, விதிப்படி செல்லாது என்று ஒரு கட்டு புத்தம்புது மஞ்சள் பைகளை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அவற்றைக் குப்பை என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. அதே வாரம் அக்காவின் நிச்சயதார்த்தம். தாம்பூலப் பை தருவதாகச் சொன்ன கடைக்காரர் முந்தின நாள் கையை விரித்துவிட்டார். ஸ்டோரிலிருந்து அறுபது பைகள் என்னோடு வீட்டுக்கு வந்தன.

ஆஸ்பத்திரிப் பெயரும் அந்த மூன்று வளைய அபாயச் சின்னமும் தெரியக்கூடாது என்று எல்லாப் பைகளையும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி வைத்தேன். அம்மா உட்கார்ந்து அறுபதையும் நேராக்கிவிட்டாள்.

“ஏட்டி, நல்ல பூக்கோலம்லா போட்டிருக்கான். அத ஏன் உள்ள மறைக்க?”

நான் கவனித்தபோது பாதிப் பேர் தேங்காயோடு சயான் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள். மூன்று வருடம் தேடிக் கிடைத்த சம்பந்தம். வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை லலிதா மேடம் கூப்பிட்டார். தொற்றுத் தடுப்புப் பொறுப்பாளர், மாட்டுங்காவாசி, சிரித்து நான் பார்த்ததில்லை.

“செல்வி, கல்யாண் ஸ்டேஷன் போலீஸ்லேர்ந்து போன். நம்ம மஞ்சள் பை ஒண்ணு டிரெயின்ல கிடந்துதாம். உள்ளே உருண்டையா, கெட்டியா, மேலே முடியோட என்னமோ இருக்காம். யாரோடதுன்னு கேக்கறா.”

“நம்ம ரெஜிஸ்டர்ல தலை எதுவும் குறையல மேடம்” என்றேன். (அதைவிட முட்டாள்தனமான பதிலை இன்றுவரை யாருக்கும் நான் சொன்னதில்லை.)

கையுறை, ஏப்ரன், மருந்துத் தண்ணீர் சகிதம் இருவரும் கல்யாண் போய்ச் சேர்ந்தோம். பை ஒரு மூலையில் தனியாக இருந்தது. எதிர் மூலை பெஞ்சில் மாப்பிள்ளையின் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். டிரெயினில் மறந்த பையைக் கேட்டு வந்தவரைப் போலீஸ் உட்கார வைத்துவிட்டது. உள்ளே இருப்பது யாருடையது என்று கேட்டதற்கு, தனக்குத் தெரிந்த இந்தியில், சம்பந்தி வீட்டில் கொடுத்தது என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

மேடம் பையை வெட்டினார். குடுமியோடு தேங்காய், வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம். போலீஸ்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

“யார் வச்சாளோ தெரியாது. மஞ்சள் பைக்குள்ள போனது வெளியே வரப்படாது. இது எரியத்தான் போகணும்.”

பெரியப்பா எழுந்துவிட்டார். “நிச்சயத் தேங்காயத் தீயில போட்டுட்டா கல்யாணம் பேசுதது? தம்பிட்ட இப்பமே சொல்லிருதேன், இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு.” போனை எடுத்துக் கண்ணாடியைத் தேடினார்.

அவர் கண்ணாடியைக் கண்டுபிடிப்பதற்குள் நான் சொல்லியாக வேண்டியிருந்தது. “மேடம், அது கழிவு இல்ல. பார்கோடு இல்ல, எடை போடல, ஆஸ்பத்திரியில உபயோகிக்கவே இல்ல. ஸ்டோர்லேர்ந்து நாந்தான் எடுத்துட்டுப் போனேன்.”

அக்காவுக்காக வேலையைத் தியாகம் செய்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் ஏப்ரனில் மூக்கைச் சிந்தி அழுதேன்.

“எத்தனை?” என்றார் மேடம்.

“அறுபது.”

“அறுபதும் திரும்பி வரணும். அப்புறம் உன் வேலையைப் பத்திப் பேசலாம்.” தேங்காயைத் துடைத்துப் பெரியப்பா கையில் கொடுத்தார்.

முலுண்ட், வாஷி, கல்யாண் என்று வீடு வீடாக அலைந்தேன். தாம்பூலம் கொடுத்துவிட்டுப் பையைத் திருப்பிக் கேட்ட குடும்பம் என்று எங்களுக்குப் பெயர் வந்தது. வாஷியில் ஒரு வீட்டில் அதைக் குப்பைத் தொட்டிக்குள் விரித்திருந்தார்கள். சின்னத்தைப் புரிந்துகொண்டவர்கள் அவர்கள் மட்டும்தான். ஐம்பத்தொன்பது பைகள் கிடைத்தன. மேடம் ஒரு மெமோவோடு விட்டுவிட்டார். ரெஜிஸ்டரில் மட்டும் ‘ஒன்று வரவில்லை’ என்று என் கையாலேயே எழுத வைத்தார்.

அக்காவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். எந்த விசேஷத்திலும் பெரியப்பா தாம்பூலப் பையை வாங்கியதும் வெளியிலிருந்து தடவிப் பார்த்து, “செல்வி, இது யாரு தலைன்னு ரெஜிஸ்டர்ல பாரு” என்பார். பந்தியில் பாதிப் பேருக்குப் புரையேறும்.

போன மாதம் ஆதார் அட்டை தேடி அம்மாவின் பீரோவைத் திறந்தேன். புடவைகளுக்கு அடியில் அறுபதாவது பை. உள்ளே வீட்டுப் பத்திரங்கள், கூடவே என் மெமோ.

“ஏம்மா, இதுக்குத்தான நான் தெருத்தெருவா அலைஞ்சேன்?”

“புதுப் பைட்டி. எரிக்கன்னு தெரிஞ்சும் எப்படிக் குடுப்பேன்?”

எனக்கும் கொடுக்க மனம் வரவில்லை. பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, காகிதங்களை அடுக்கி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.