பல்லுப்பாத்தார் பிடித்துக் கொடுத்த சினிமாப் பள்ளிக்கூடம்

அந்தக் காலத்துச் சேலம் ஜில்லாவில் பல் முளைத்த எந்த உயிரும் அவர் கைக்குத் தப்பியது கிடையாது. மாட்டுத் தரகர் என்றால் வயசு தெரிய மாட்டின் பல்லைப் பார்ப்பார்கள், அது தொழில். இவர் தாசில்தார் பல்லையும் பார்ப்பார். சந்தைக்கு வந்த தாசில்தார் ஒருவர் கொட்டாவி விட்டபோது எட்டிப் பார்த்துவிட்டு, "கடைப்பல்லு சேந்து வெகுநாள் ஆச்சுங்க, வயசு முத்திருச்சு. இனி வேற ஊருக்கு மாத்தமாட்டாங்க, இங்கயேதான்" என்று சொன்னார். அதே போல அந்த மனிதர் எங்கள் ஊரிலேயேதான் பென்ஷன் வாங்கினார்.

பொண்ணு பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளையின் கீழ் உதட்டைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்து, "வயசுல அஞ்சாறு வருசத்தைத் தின்னுபோட்டாங்க" என்று அறிவித்து ஒரு கல்யாணத்தையே நிறுத்தியிருக்கிறார். மாட்டுக்கு முன்பக்கம் மேல்பல் கிடையாது. மனுசனுக்கு உண்டு. அதனாலேயே அவருக்கு மனுசன் மேல் நம்பிக்கை இல்லை. "மேலயும் பல்லு, கீழயும் பல்லு. எப்படிங்க நம்பறது?" என்பார்.

ஆகவே பல்லுப்பாத்தார். சொந்தப் பேர் ஒன்று இருந்திருக்கும். சம்சாரம் புருஷன் பேரைச் சொல்லமாட்டாள், ஊரார் சொல்லத் தேவையில்லை, பிள்ளை குட்டியும் இல்லை. அந்தப் பேர் உபயோகமில்லாமலே போய்ச் சேர்ந்தது.

என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆனாலும் வேறு யாரும் சரியாகச் சொல்வதில்லை என்பதால் சொல்கிறேன். நாமக்கல்லிலிருந்து பள்ளிபாளையம் வரைக்கும் என் சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்து அழாத குடும்பம் கிடையாது. நாலாம் வகுப்பில் வாத்தியார் என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார். இன்னும் உள்ளே கூப்பிடவில்லை. நான் பாட்டுக்கு முதலாளியாகிவிட்டேன். பட்டம் வாங்கினவர்கள் என்னிடம் மேனேஜர் வேலை பார்க்கிறார்கள். இதற்கெல்லாம் காரணம் என் மூளைதான். கொஞ்சம் பல்லுப்பாத்தாரும் காரணம்.

பேசும் படம் எங்கள் பக்கம் பரவிக்கொண்டிருந்த காலம் அது. திருச்செங்கோட்டில் கூடாரம் அடித்துப் படம் காட்டினார்கள். ஊர் முழுக்கத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். நான் மட்டும் திரும்பி உட்கார்ந்து, வெளிச்சம் வருகிற ஓட்டையைப் பார்ப்பேன். சேலத்தில் படம் பிடிக்கிறார்கள், அதற்குப் பள்ளிக்கூடம்கூட வந்துவிட்டது என்று ஒரு சோடாக்காரன் சொன்னான். அன்றையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் அப்பா நிலக்கடலையும் சோளமும் போட்ட சம்சாரி. வீட்டில் ஆஸ்தி என்றால் ஒரு ஜோடி மயிலைக் காளை.

"படம் பாக்கக் காலணா. படம் புடிக்கறதைப் படிக்க ஒரு மாடாடா?" என்றார் அப்பா.

"கேக்கறது ஒத்தை மாடுதானுங்க. இன்னொண்ணு இருக்குதுல்ல?" என்றாள் அம்மா.

"ஒத்தை மாட்டுல ஏரு ஓடுமா? அந்தப் பக்கம் நொகத்துல நான் கழுத்தக் குடுக்கறதா?"

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். யோசித்துப் பார்ப்பது போலத்தான் இருந்தது. மயிலையில் ஒன்று சந்தைக்குப் போனது.

விற்றுக் கொடுத்தவர் பல்லுப்பாத்தார். துண்டுக்கு அடியில் இரண்டு பேரும் கைகோத்து, விரலைத் தொட்டு விலை பேசுகிற வித்தையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நல்ல விலை. பணத்தை அப்பா கையில் கொடுத்தவர், பிடித்த கையை விடவில்லை.

"என்ன மாடு புடிக்கப் போறீங்க?"

"மாடு இல்லீங்க தரகரே. பையனைச் சினிமாப் பள்ளிக்கூடத்துல சேக்கோணும்."

"பாத்துட்டீங்களா?"

"நான் என்னத்தக் கண்டேன்? சேலத்துல ரெண்டு மூணு இருக்குதாம்."

பல்லுப்பாத்தார் பணத்தைத் திரும்பப் பிடுங்கி என் அப்பா மடியில் தானே முடிந்தார். "ஏஞ்சாமி, மாட்டை வித்த காசு பாத்துத்தான் போவோணும். பள்ளிக்கூடமுன்னாலும் அதுவும் ஒரு உருப்படிதானே. நானே புடிச்சுக் குடுக்கறேன். தரகு வேண்டாம். படுத்துக்கிச்சுன்னா நான் பொறுப்பு."

சந்தையில் அது ஒரு கட்டுப்பாடு. தரகன் பொறுப்பேற்றுப் பிடித்துக் கொடுத்த மாடு ஏரில் படுத்துவிட்டால், பதில் மாடு வாங்கித் தருவது தரகன் பாடு.

சேலத்துக்குப் போனோம். முதலில் பார்த்தது பெரிய பள்ளிக்கூடம். வாசலில் ஆள் உயரத்துக்குப் போர்டு, உள்ளே பிரம்பு நாற்காலி, நாற்காலிக்குள் கோட்டுப் போட்ட பிரின்சிபால். எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. பல்லுப்பாத்தார் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, பிரின்சிபாலுக்கு முன்னால் குந்தினார்.

"கொஞ்சம் வாயைத் தொறங்க சாமி."

"என்னது?"

"பல்லுப் பாக்கோணுங்க."

பிரின்சிபால் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். பல்லுப்பாத்தார் என் பக்கம் திரும்பி, "மறைக்கறாரு" என்றார். பிறகு, "இங்க படிச்சு வெளிய போன உருப்படி ஒண்ணு காட்டுங்க" என்று கேட்டார்.

பிரின்சிபால் சுவரில் மாட்டியிருந்த ஒரு நடிகரின் படத்தைக் கைகாட்டினார். "இவர் எங்கள் மாணவர்தான்."

"போட்டோவுல மாடு வாங்கற பழக்கம் எங்க சந்தையில இல்லீங்க. செரி போவுட்டும், பையனை ஒரு நாளைக்குப் பூட்டிப் பாக்கலாங்களா?"

"முழுப் பணமும் கட்டின பிறகுதான் உள்ளே விடுவோம்."

"ஏருல பூட்டிப் பாக்காம முழுப் பணமா? எந்திரி சாமி, போலாம்."

பிரின்சிபாலுக்குக் கோபம் வந்துவிட்டது. "மாடு விக்கிறவனுக்குச் சினிமாவைப் பத்தி என்னய்யா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுங்க. தெரிஞ்சா எதுக்குங்க பல்லைப் பாக்கறேன்?" என்று கும்பிடு போட்டுவிட்டு நடந்தார். நான் அந்தப் போர்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி பின்னால் போனேன். என் வாழ்க்கையே அந்தக் கேட்டுக்குள் நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்தது ஒரு தகரக் கொட்டகை. அந்தோணி வாத்தியார் என்று ஒரு போட்டோக்காரர், ஒரு பழைய காமிராவையும் ஒரு புரொஜெக்டரையும் வைத்துக்கொண்டு நாலைந்து பேருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாதிரியார் கையால் நாக்கில் நன்மை அப்பம் வாங்குகிற பழக்கமோ என்னவோ, "வாயைத் தொறங்க" என்றவுடனே கண்ணை மூடி, கை கூப்பி, நாக்கையும் நீட்டிவிட்டார்.

பல்லுப்பாத்தாருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "மொரண்டே இல்ல பாரு" என்று என் காதில் சொன்னார்.

பூட்டிப் பார்க்கவும் வாத்தியார் சம்மதித்தார். அன்று பூராவும் காமிராக் காலைத் தூக்கினேன், வெள்ளிக் காகிதம் ஒட்டின பலகையைச் சூரியனுக்கு எதிரே பிடித்தேன், கைப்பிடியைச் சுற்றினேன். பல்லுப்பாத்தார் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பொழுது சாய, என் விலாவைத் தடவி, "படுக்கலை" என்றார்.

விலை பேசத் துண்டை விரித்தார்கள். அங்கேதான் தகராறு. வாத்தியாருக்குக் கூச்சம் அதிகம். துண்டுக்கு அடியில் விரல் பட்டவுடனே "ஐயோ, ஐயோ" என்று நெளிந்து சிரிக்கிறார். மறுபடி விரல், மறுபடி சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசியில், "நீங்க எவ்வளவு சொல்றீங்களோ அவ்வளவுதாங்க! கையை மட்டும் விடுங்க!" என்று அலறினார். இந்த உலகத்தில் கிச்சுகிச்சு மூட்டிப் பள்ளிக்கூடச் சம்பளம் குறைத்துச் சேர்ந்த ஒரே மாணவன் நானாகத்தான் இருப்பேன்.

கிளம்பும்போது பல்லுப்பாத்தார் என் தோளில் கிடந்த பழைய துண்டை உருவிக்கொண்டு, மடியிலிருந்து ஒரு புதுத் துண்டை எடுத்துப் போட்டார்.

"எதுக்குங்க இது?"

"உருப்படி கைமாறுனா வாங்கறவன் புதுக் கயிறு போடோணும். பழைய கயிறு அதும்பட பொறந்த ஊட்டுக்குத் திரும்பிப் போவோணும். இல்லீனா கட்டுத்தறி காலியாயிரும் சாமி."

அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பார் என்று விட்டுவிட்டேன். கொடுக்கவில்லை. "எந்தத் துண்டுடா? அந்த ஆளு இந்தப் பக்கமே வல்லியே" என்றாள் அம்மா. சிவப்புக் கரை போட்ட நல்ல துண்டு. நாணயத்துக்குப் பேர் போன மனுசன் ஒரு துண்டிலே கைவைத்துவிட்டாரே என்று வெகுகாலம் எனக்கு ஆறவில்லை.

பள்ளிக்கூடத்தில் என்னைப் போலத் தொழில் பிடித்துக்கொண்டவன் எவனும் இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு பிலிம் மாட்டுவேன். புரொஜெக்டரைக் கழற்றிப் பூட்டுவேன். இப்படி இருக்கும்போது உலகச் சண்டை முற்றியது. பெட்ரோல் இல்லாமல் பஸ் கரியில் ஓடியது, அரிசி ரேஷனுக்குப் போனது, பிலிம் வரத்து அடியோடு நின்றது. வாத்தியார் அசரவில்லை. "கை பழகினாப் போதும்" என்று வெறும் காமிராவைச் சுற்றச் சொன்னார். சுற்றினோம். அந்த ஒரு வருஷத்தில் நாங்கள் எடுத்த படத்தை எந்தக் கம்பெனியும் எடுத்திருக்காது. ஒன்றும் பதியவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் வாத்தியார் எங்களை உட்காரவைத்து அழுதார். கொட்டகை வாடகைக்கே வழியில்லை, பள்ளிக்கூடத்தை மூடுகிறேன் என்றார்.

பெட்டியோடு ஊருக்கு வந்தேன். அப்பா ஒற்றைக் காளைக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார். இரவல் மாடு கேட்டுக் கேட்டு இரண்டு வருஷமாகப் பாதி நிலம் சும்மா கிடந்தது. அவர் என் பெட்டியை வாங்கித் திண்ணையில் வைத்தார். பேசினது ஊர்தான். "என்னப்பா டைரக்டரு, மாடு நல்லா நடிக்குதா?" என்று கிணற்றடியில் கேட்டார்கள். பெரிய பள்ளிக்கூடம் இன்னும் நடக்கிறது என்று கேள்விப்பட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. பல்லைப் பார்த்துப் பள்ளிக்கூடம் பிடித்தால் இப்படித்தான் ஆகும் என்று சந்தையிலேயே நின்று கத்தினேன்.

மறுநாள் விடியும்போது வாசலில் வண்டி. பல்லுப்பாத்தார்.

"நான் பொறுப்பேத்த மாடு படுத்துப்போச்சு. ஏறு சாமி" என்றார். வண்டிக்குப் பின்னால் ஒரு கறவை ஆடு கட்டியிருந்தது.

சேலம் போய்ச் சேர்ந்தோம். அந்தோணி வாத்தியார் எங்களைப் பார்த்ததும் நடுங்கிப்போனார். "ஐயா, திருப்பித் தர எங்கிட்டப் பணம் இல்லீங்களே."

"காசு கேக்க வல்லீங்க. படுத்த மாட்டுக்குப் பதில் மாடு குடுத்தாப் போதுங்க" என்று சொல்லிவிட்டு, கொட்டகைக்குள் நுழைந்தார்.

நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். "காமிராவைக் கேளுங்க! அதுதான் வெலை போவும்!"

காமிராவைச் சுற்றி வந்து பார்த்தார். "ஒத்தைக் கண்ணு. ஊட்டுக்கு ஆவாது" என்று தள்ளிவிட்டார்.

அடுத்து புரொஜெக்டரிடம் போனார். மூடியைத் திறந்தார். உள்ளே பிலிமைக் கவ்வி இழுக்கிற சக்கரம். அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. கட்டைவிரலால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, ஒவ்வொரு பல்லாகத் தடவினார்.

"அடேயப்பா! பல்லு ஒண்ணுகூடத் தேயலை. வயசு இருக்குது. இதைப் புடிச்சுக்கலாம்."

வாத்தியார், "தாராளமா எடுத்துக்குங்க. எங்கிட்ட இருந்தாத் துருப் புடிச்சுத்தான் போவும்" என்றார். ஒலிப்பெட்டியையும் தூக்கி வண்டியில் வைத்தார். பல்லுப்பாத்தார் ஆட்டை அவிழ்த்து வாத்தியார் கையில் கயிற்றைக் கொடுத்தார். "மாத்துல ஒருத்தரு வெறுங்கையா நிக்கக் கூடாதுங்க. உங்க ஊட்டுக் குழந்தைகளுக்குப் பாலாச்சு."

காமிரா போச்சே என்று வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். அந்தக் காமிராவைப் பிறகு யாரோ வாங்கி, பிலிம் கிடைக்காமல் அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததாகக் கேள்வி. புரொஜெக்டரோ வந்த மறுமாதமே சோறு போட்டது. சண்டைக் காலத்தில் ஜனங்களுக்குக் கவலை அதிகம், கவலைக்குச் சினிமாதான் மருந்து. பழைய படப்பெட்டி வாடகைக்குக் கிடைத்தது. தேர் நடக்கிற ஊர், சந்தை கூடுகிற ஊர் என்று வண்டியிலேயே போய்க் கூடாரம் அடித்தேன். முதல் வருமானத்தில் அப்பாவுக்கு மயிலைக்கு ஜோடி வாங்கினேன். பிடித்துக் கொடுத்தவர் யார் என்று சொல்ல வேண்டுமா?

முதல் நாள் ஆட்டத்துக்கு வந்து முன்வரிசை மணலில் உட்கார்ந்தார். படத்தில் ஒரு காளை வந்தது. கதாநாயகன் அதைத் தடவிக்கொண்டே பாடினான். பல்லுப்பாத்தார் எழுந்து நின்று திரையைப் பார்த்து, "வாங்கீராதீங்க சாமி, முதுகுல சுழி தப்பு!" என்று கத்தினார். கடைசியில் கதாநாயகன் சொத்தை இழந்து தெருவுக்கு வந்தபோது, கூடாரமே திரையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தது.

சுவர் வைத்து, ஓடு போட்டு நிரந்தரக் கொட்டகை கட்டினபோது அவரை அழைக்கப் போனேன். பட்டு ஜிப்பா, மோதிரம் எல்லாம் போட்டுக்கொண்டுதான் போனேன். நாலு பேர் பார்க்க வேண்டாமா? அவருக்கு அப்போது கண் மங்கிவிட்டது. மாட்டுக் கொட்டாயில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். அவர் வீட்டிலேயே பிறந்து, வளர்ந்து, விலைபோன கன்றுகளின் பழைய கயிறுகள் சுவரில் வரிசையாகத் தொங்கின. அந்த வரிசையின் கடைசி ஆணியில், சிவப்புக் கரை போட்ட ஒரு துண்டு.

"ஏனுங்க, இது என்ற துண்டுதானே?" என்று கையை நீட்டினேன்.

"தொடாத சாமி" என்றார். "கட்டுத்தறி காலியாயிரும்."

நீட்டின கையை மடக்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது நடந்தது அபூர்வம். ஜிப்பாவோடு அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் சாணித் தரையில் குந்தி, வாயைத் திறந்து காட்டினேன். அவர் கட்டைவிரலால் என் கீழ் உதட்டை இழுத்து, தெரியாத கண்ணுக்குப் பதில் விரலாலேயே தடவிப் பார்த்தார்.

"நல்ல உருப்படி" என்றார்.

கலெக்டர் எனக்கு மாலை போட்டிருக்கிறார். மந்திரி பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்திருக்கிறார். அதையெல்லாம் கேட்காதவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் நான் யாரிடமும் பீற்றிக்கொண்டதில்லை, இன்றைக்கு வரைக்கும்.