துறைமுகத்துப் படையும் மகாராணி சிடுமுகியும்

உலகத்தைக் காப்பாற்றுவதென்று பொன்னுரங்கம் முடிவு செய்துவிட்டான். இருபத்து நாலு பக்கத்தில், கலரில்.

காட்டுப்பள்ளியில் துறைமுகத்துக் கிரேன் ஓட்டுகிறவன் அவன். மேலே ஏறி உட்கார்ந்தால் மனிதர்கள் எறும்பு, கன்டெய்னர்கள் தீப்பெட்டி. நாற்பது டன்னை ஒரு விரல் அசைவில் தூக்குகிறவன், சாயங்காலம் தண்டையார்பேட்டை வீட்டுக்குள் நுழைந்ததும், "ஈரத் துண்ட சேர்ல போடாதே" என்ற மனைவியின் உத்தரவைக் கேட்டு நிற்க வேண்டியிருந்தால் எப்படி இருக்கும்? அந்தக் கடுப்பில் பிறந்ததுதான் 'துறைமுகத்துப் படை' என்ற படக்கதை.

படையில் நாலு பேர். நாலும் நாலு திசை. தலைவன் கிரேன் வீரன். வலது கையே கிரேன், மீசை அப்படியே பொன்னுரங்கத்தின் மீசை. மை மன்னன் வாயைத் திறந்தால் மை பீய்ச்சும், பேச்சு மட்டும் வராது. நண்டு நாயகிக்கு மலையை வெட்டும் கொடுக்கு உண்டு, ஆனால் பக்கவாட்டில்தான் நடப்பாள். எதிரியை நோக்கி ஓடினால் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுவாள். கலீஜ் குமார் கையைத் தூக்கினால் அக்குள் நாற்றத்தில் எதிரிப் படை பாதி மயங்கும், சொந்தப் படை முழுசாக மயங்கும். ஷேர் ஆட்டோவில் யார் முன்சீட் என்பதிலேயே இவர்களுக்குள் முதல் போர் முடிந்துவிடும்.

இவர்களை எதிர்த்து, சிடுசிடு கிரகத்திலிருந்து இட்லிக் குண்டான் மாதிரி ஒரு பறக்கும் தட்டு எண்ணூர்க் கடலோரம் வந்து இறங்குகிறது. உள்ளே மகாராணி சிடுமுகி. பச்சைத் தோல். அள்ளி முடிந்த கொண்டை. இடது மூக்கில் மூக்குத்தி. இடுப்பில் கை. பொன்னுரங்கத்தின் மனைவி ஜோதிகாவுக்கும் அதே கொண்டை, அதே மூக்குத்தி, அதே இடுப்பில் அதே கை. தோல் மட்டும் பச்சை இல்லை. அந்தப் பச்சை ஒன்றே போதும், எவனாலும் கண்டுபிடிக்க முடியாது என்று பொன்னுரங்கம் நம்பினான்.

ஒரே ஒரு சிக்கல். அவனுக்குப் படம் வரும், பிழையில்லாமல் எழுத வராது. ஜோதிகாவோ ஒரு டிடிபி கடையில் பன்னிரண்டு வருஷமாகத் தமிழ் டைப் அடிக்கிறவள். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை எந்தக் கல்யாணப் பத்திரிகையும், எந்தக் கண்ணீர் அஞ்சலியும் அவள் விரலைத் தாண்டித்தான் சுவருக்குப் போகும். சொந்தமாக ஒரு கடை, அதுவும் வீட்டு முன்ரூமிலேயே வைக்க வேண்டுமென்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். முன்ரூமில் பொன்னுரங்கம் படம் போடும் பலகை இருந்தது. ஆகவே 'முடியாது' என்ற பதிலும் இரண்டு வருஷமாக அங்கேயே இருந்தது.

வேறு வழியில்லை. படங்களையும் வசனத் தாள்களையும் அவளிடமே கொண்டுபோய் வைத்தான். ஜோதிகா முதல் வரியிலேயே நின்றாள்.

"இன்னாய்யா இது, 'வேற்றுக் கிறக்கவாசிகள்'?"

"அதாம்மே. வேற ஒலகத்துலேந்து வர்றவனுங்கோ."

"அது கிரகம். கிறக்கவாசின்னா ஒயின்ஷாப் வாசல்ல கெடக்குறவன்."

"சரி, நீயே ஒயுங்கா போட்டுக்கோ."

பக்கத்தைப் புரட்டினாள். மகாராணியிடம் வந்ததும் கை நின்றது. பொன்னுரங்கத்துக்கு மூச்சும் நின்றது.

"இது யாரு?"

"வில்லி. ராணி."

"மூஞ்சி எங்கியோ பாத்தாப்புல கீதே."

"பச்சையா கீறவள நீ எங்கமே பாத்திருக்கப் போறே?"

"அதுவும் மெய்தான்" என்று ஜோதிகா சிரித்தாள். "படம் சோக்கா கீதுய்யா. வசனத்த நான் பாத்துக்குறேன், நீ பேஜாராவாதே."

பதினெட்டு வருஷம் குடித்தனம் பண்ணினவன் அந்தச் சிரிப்பிலேயே உஷாராகியிருக்க வேண்டும். பொன்னுரங்கம் டீ கேட்டான்.

நாலாம் நாள் ப்ரூஃப் வந்தது. பொன்னுரங்கத்துக்குப் படிக்கக் கண்ணாடி வேண்டும். போட்டால் வயசு தெரிந்துவிடும் என்று அதை டப்பாவிலிருந்து எடுப்பதே இல்லை. தாளைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, படங்களை மட்டும் பார்த்துத் தலையாட்டினான்.

"படிச்சுப் பாருய்யா. அப்பால என்னச் சொல்லக் கூடாது."

"நான் எழுதினத நானே இன்னாத்துக்குப் படிக்கணும்? குட்றீ பேனாவ."

இருபத்து நாலு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டான். பக்கத்துத் தெருவில் அச்சகம் வைத்திருக்கும் அவன் தோஸ்து வால்டர், அன்றைக்கே மெஷினை ஓட்டிவிட்டான்.

வெளியீடு ராயபுரம் படிப்பகத்தின் ஆண்டு விழாவில், ஞாயிற்றுக்கிழமை காலை. நூறு நாற்காலியும் நிறைந்துவிட்டது. முதல் வரிசையில் ஜோதிகாவின் அண்ணன்கள் மூன்று பேர். விசைப்படகில் வலை இழுத்து இழுத்து, அவர்கள் கை ஒவ்வொன்றும் மற்றவன் தொடை மாதிரி இருக்கும். பொன்னுரங்கம் புதுச் சட்டையில், சால்வைக்கு வசதியாகக் கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

படிப்பகச் செயலாளர் செங்குட்டுவன் மைக்கைப் பிடித்தார். படங்கள் திரையில் பெரிதாக விழ, வசனத்தை ஏற்ற இறக்கத்தோடு படித்தார்.

முதல் பக்கத்தில் பறக்கும் தட்டு இறங்கியது. "'பூமிக்குப் புத்தி சொல்ல வந்திருக்கிறேன்' என்கிறார் மகாராணி ஜோதிமுகி!"

பொன்னுரங்கம் நிமிர்ந்தான். ஜோதிமுகியா?

ஒன்பதாம் பக்கம். கிரேன் வீரன் இரண்டு கையையும் உயர்த்தி மின்னல் விட வேண்டிய இடம். செங்குட்டுவன் முழங்கினார். "'சரண்டர், மகாராணி! ரெண்டு வருஷமா நான் பண்ணது தப்புதான்!'"

சபை கைதட்டியது.

இருபதாம் பக்கம். பறக்கும் தட்டைக் கடலில் வீச நாலு வீரர்களும் சேர்ந்து தூக்குகிற படம். அதற்கு மட்டும் மூன்று ஞாயிறு உழைத்திருந்தான். "'தூக்குங்க தோஸ்துகளே! மகாராணியோட கம்ப்யூட்டர் முன்ரூமுக்குப் போவட்டும்!'" உள்ளேயிருந்து மகாராணி வாயைப் பிளந்து அலற வேண்டும். அலறினாள். "'பாத்துடா, ஒயரு!'"

கூரை அதிர்ந்தது. கடைசிப் பக்கத்தில் கிரேன் வீரன் மார்பில் கை வைத்து மக்களிடம் பேசினான். படிக்கையில் செங்குட்டுவனுக்கே குரல் தழுதழுத்தது. "'மக்களே! என் வூட்டு முன்ரூம் இனிமே மகாராணியோட டிடிபி கடை. தூக்கினத பாதியில கீழ போட்டு எனக்குப் பழக்கமில்ல!'"

புத்தகத்தை மூடிவிட்டு அவர் சொன்னார். "பொண்டாட்டிக்குக் கடை வெச்சுக் குடுக்குறத ஊருக்கே புஸ்தகம் போட்டுச் சொல்ற ஆம்பளைய நான் இப்பத்தான் பாக்குறேன்."

பொன்னுரங்கம் எழுந்தான். 'இது நான் எழுதினது இல்லை' என்று சொல்லத்தான் எழுந்தான். சொன்னால், பின்னே நீ எழுதினது என்ன என்று கேட்பார்கள். அந்தப் பச்சைக்காரி யார் என்று கேட்பார்கள். அவன் யோசிப்பதற்குள் பெரிய மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டிப் பிடித்தான். விலாவில் எதுவோ இடம் மாறியது.

"மாப்ள, நீ மனுசன்யா! மேஜைய நாங்களே தூக்கியாறோம்."

"நன்றி" என்றான் பொன்னுரங்கம். அதற்கு மேல் ஒரு வார்த்தை வெளியே வர அந்தப் பிடி இடம் கொடுக்கவில்லை.

வாசலில் வால்டரை மடக்கினான். "இன்னாடா அச்சடிச்சுகீறே?"

"பக்கத்துக்குப் பக்கம் உன் கையெழுத்து கீது மாமு. படிச்சுட்டு நானே அழுதுட்டேன்."

ஜோதிகா நிதானமாக வந்தாள்.

"ஏமே, என் கதையவே மாத்திட்டியே!"

"உன் படத்துல ஒரு கோடு தொட்டுகீறேனா? அதுல இன்னா தெரிஞ்சுதோ அத எழுதினேன்." மகாராணி படம் போட்ட புத்தக அட்டையைத் தூக்கி முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். "பாருய்யா, பச்சை எனக்கு எடுப்பாத்தான் கீது."

மறுநாளே மச்சான்கள் மேஜையைக் கொண்டுவந்து முன்ரூமில் இறக்கிவிட்டார்கள். அந்த வாரம் முழுக்க பொன்னுரங்கம் கிரேன் உச்சியில் உட்கார்ந்து பேச்சைத் தயார் செய்தான். நயமாக ஒன்று, கறாராக ஒன்று. சனிக்கிழமை கறாரைத் தேர்ந்தெடுத்தான். முன்ரூம் திரும்ப வந்தாக வேண்டும், இன்றைக்கே. மீசையை முறுக்கிக்கொண்டு தெருமுனை திரும்பினான்.

வீட்டு வாசலில் கூட்டம். ஆளுக்கொரு விண்ணப்பம் கையில். தள்ளிக்கொண்டு உள்ளே காலை வைத்தான். ஒரு அம்மாள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"யோவ், எங்க பூந்துகினு போறே? லைன் கீதுல்ல?"

"இது என் வூடும்மா!"

"இருக்கட்டுமே. நாங்க ரெண்டு மணியிலேந்து நின்னுகினு கீறோம். பின்னால போ."

உள்ளேயிருந்து கீபோர்டு சத்தம் நின்றது. ஜோதிகா தலை தூக்காமலே குரல் கொடுத்தாள்.

"அடுத்தது யாரு?"

பொன்னுரங்கம் பின்னால் போய் நின்றான். அவனுக்கு முன்னால் ஏழு பேர் இருந்தார்கள்.